தம்பி வாங்க நினைக்கும் டோக்கன் பற்றி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டார் என்ற செய்தி பெரும் நிம்மதியைத் தந்தது. ஆனால் கடைசிப் பத்தியில் நீ எழுதியிருந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. தம்பி தன் சேமிப்பில் பெரும்பகுதியைப் புதிய கிரிப்டோ டோக்கன் ஒன்றில் போடப் போகிறான் என்றும், தானியங்கிச் சோதனைக் கருவி எல்லாக் கட்டங்களிலும் பச்சைக் குறி காட்டியதால் துணிந்துவிட்டான் என்றும் சொல்லியிருந்தாய். நீ அனுப்பிய முகவரியை எடுத்துக்கொண்டு இரண்டு இரவுகள் உட்கார்ந்து அந்த டோக்கனை இயக்கும் நிரலை, அதாவது கான்ட்ராக்டை, வரிவரியாகப் படித்தேன்.

அந்தக் கருவி பொய் சொல்லவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உரிமையாளர் தன் உரிமையைத் துறந்துவிட்டாரா என்று அது பார்த்திருக்கிறது. உரிமையாளர் இருக்க வேண்டிய இடத்தில் யாருக்கும் சொந்தமில்லாத பூஜ்ஜிய முகவரி இருந்ததால் பச்சைக் குறி போட்டிருக்கிறது. ஆனால் அதே கான்ட்ராக்டில் இருபது வரி தள்ளி, ‘மார்க்கெட்டிங் வாலட்’ (வாலட் என்பது கிரிப்டோ பணப்பை) என்ற சாதுவான பெயரில் இன்னொரு முகவரி இருக்கிறது. டோக்கனை விற்பவரிடம் பிடிக்கும் கட்டணத்தை மாற்றும் ஃபங்ஷனை, அதாவது நிரலின் அந்தப் பகுதியை, அந்த முகவரியும் இயக்கலாம். கட்டணம் இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு எங்கும் எழுதப்படவில்லை. இன்று 3 சதவீதமாக இருப்பதை நாளை 99 ஆக்க ஒரே ஒரு பரிவர்த்தனை போதும். வாசல் சாவியை ஊரறியக் கிணற்றில் எறிந்துவிட்டு, கொல்லைச் சாவியை மடியில் முடிந்துகொண்ட கதை இது.

இத்தனை ஆண்டுகளாகப் பிறர் எழுதிய நிரலைப் படித்துவரும் எனக்கு, எந்த டோக்கனை எடுத்தாலும் மனத்தில் எழும் முதல் கேள்வி, நாளை இதை மாற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான். புதிய டோக்கன்களை விருப்பம்போல உருவாக்கும் அதிகாரம், ஒரு முகவரியைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கும் அதிகாரம், பரிமாற்றத்தையே நிறுத்திவைக்கும் அதிகாரம் ஆகியவை ஒவ்வொன்றும் யாரிடம் இருக்கின்றன என்று தேடிப் பார்ப்பேன். ப்ராக்ஸி முறையில் அமைந்தவற்றில் இன்னும் கவனம் வேண்டும். முகவரி அப்படியே இருக்க, பின்னால் ஓடும் நிரலை மட்டும் மாற்றிவிடலாம் என்பதால், நாம் இன்று படித்ததுதான் நாளையும் ஓடும் என்பதற்கு உறுதி கிடையாது.

கொஞ்சம் வாங்கி உடனே விற்றுப் பார்த்தான், விற்க முடிந்தது என்று எழுதியிருந்தாய். அது அன்றைய நிலையைத்தான் காட்டும். 2021 நவம்பரில் ஸ்க்விட் டோக்கன் 2,800 டாலரைத் தாண்டி ஏறி, சில நிமிடங்களில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனது. அதை வாங்கியவர்களில் பலர், விலை ஏறிக்கொண்டிருந்தபோதே விற்க முடியவில்லை என்று கதறிக்கொண்டிருந்தார்கள். விற்பவர் இல்லாத சந்தையில் விலை ஏறத்தானே செய்யும்? தம்பி காட்டும் அந்த அழகான வரைபடத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஞாபகம்தான் வருகிறது. லிக்விடிட்டி, அதாவது டோக்கனை விற்பவருக்குக் கொடுப்பதற்கான இருப்பு, திட்டக்காரர்கள் எடுக்க முடியாதபடி பூட்டப்பட்டிருப்பது உண்மைதான். ஆனால் பூட்டு 30 நாளுக்கு மட்டுமே.

வஞ்சகம் இல்லாத இடத்திலும் பணம் போகும் என்பதையும் அவனுக்குச் சொல். 2016 ஜூன் 17 அன்று பலரின் முதலீட்டைத் திரட்டிய ‘தி டாவோ’ என்ற கான்ட்ராக்டிலிருந்து சுமார் 36 லட்சம் ஈதர் (எத்தேரியத்தின் நாணயம்) வெளியேறியதற்குக் காரணம் வரிகளின் வரிசை. அந்தக் கான்ட்ராக்ட் முதலில் பணத்தை அனுப்பியது, அதன் பிறகுதான் கணக்கில் கழித்தது. அந்த இடைவெளியில் பணம் பெறும் கான்ட்ராக்ட் மறுபடி மறுபடி உள்ளே வந்து கைநீட்டியது. கணக்கில் இன்னும் கழிக்கப்படாததால் ஒவ்வொரு முறையும் பணம் கிடைத்தது. கணக்கை எழுதும் முன் காசைக் கொடுக்கும் காசாளரின் தவறு அது. இன்றும் புதிதாகச் சேரும் இளைஞர்களுக்கு நான் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம் அதுதான்.

வெளி நிறுவனம் நிரலைச் சோதித்துக் கொடுத்த ஆடிட் அறிக்கை இருக்கிறதே என்று அவன் கேட்பான். பல நிறுவனங்கள் சோதித்துக் கொடுத்த ஆய்லர் ஃபைனான்ஸ் என்ற கிரிப்டோ கடன் தளம் 2023 மார்ச்சில் 19 கோடி டாலருக்கு மேல் இழந்தது. பின்னாளில் சேர்க்கப்பட்ட ஒரு ஃபங்ஷனில், கடன் வாங்கியவரின் ஈடு இன்னும் போதுமானதாக இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு சோதனை விடுபட்டிருந்தது. பறிபோனதில் பெரும்பகுதி பின்னர் திரும்பி வந்தது அபூர்வமான நற்பேறு. அதனால் அறிக்கையைப் பார்த்தால், அது எந்தத் தேதியில், எந்த நிரலைச் சோதித்து எழுதப்பட்டது, இப்போது ஓடுவது அதே நிரல்தானா என்று பார்க்க வேண்டும். தம்பி அனுப்பிய அறிக்கையில் கான்ட்ராக்டின் முகவரியே இல்லை.

இவை எல்லாவற்றையும்விட அவசரமான ஒன்று இருக்கிறது. அவனுடைய வாலட் முகவரியையும் எடுத்துப் பார்த்தேன். அந்தத் திட்டத்தின் ஸ்டேக்கிங் (டோக்கனைப் பூட்டிவைத்து வருமானம் பெறுவது) பக்கத்தில் அவன் ஏற்கெனவே ஒரு அப்ரூவலுக்குக் கையொப்பமிட்டிருக்கிறான். தான் வைத்திருக்கும், டாலர் மதிப்போடு கட்டப்பட்ட ஸ்டேபிள்காயின் என்ற நாணயத்தை எடுத்துக்கொள்ள ஒரு கான்ட்ராக்டுக்கு அனுமதி கொடுத்திருக்கிறான். அனுமதித்த தொகை 78 இலக்கங்கள் கொண்ட ஓர் எண். அதாவது வரம்பே இல்லை. அவன் இன்று போட்ட சிறுதொகை மட்டுமல்ல, நாளை அந்த வாலட்டுக்கு வரும் ஸ்டேபிள்காயின் முழுவதையும் அவனைக் கேட்காமலே எடுத்துவிட முடியும். தளத்திலிருந்து வாலட்டைத் துண்டித்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். துண்டிப்பதால் அனுமதி போகாது. அந்தக் கான்ட்ராக்டுக்குக் கொடுத்த அனுமதித் தொகையைப் பூஜ்ஜியமாக்கி இன்னொரு பரிவர்த்தனை அனுப்ப வேண்டும். அதற்கு ஆகும் கட்டணம் சொற்பம்.

இந்தக் கடிதம் கைக்கு வந்தவுடன் அதை முதலில் செய்யச் சொல். சேமிப்பை அந்த வாலட்டுக்கு மாற்றுவதை அதுவரை தள்ளிப்போடட்டும். ஞாயிற்றுக்கிழமை என்னை அழைக்கச் சொல்; திரையைப் பகிர்ந்து, அந்த மார்க்கெட்டிங் வாலட் வரும் வரிகளை அவனே வாய்விட்டுப் படிக்கும்படி செய்கிறேன். அண்ணன் தடுக்கிறான் என்று உன்மேல் வருத்தப்பட்டால், என் பெயரைச் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் நண்பன்