உரிமத்தில் கையெழுத்திடும் முன்

சண்டை வீரர்களுக்கு உரிமம் வழங்கும் அமெரிக்க மாநில விளையாட்டு ஆணையங்களின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்து கூண்டுக்குள் நடக்கும் கலப்புத் தற்காப்புக் கலைச் (MMA) சண்டைகளை நெடுங்காலமாகப் பார்த்துவரும் ரசிகன் நான். 2018 நவம்பரில் கலிஃபோர்னியாவில் நடந்த ஒரு சண்டை இன்னும் என் மனதைவிட்டு அகலவில்லை. அதில் மோதிய சக் லிடெலுக்கு அப்போது 48 வயது. கடைசியாகக் கூண்டுக்குள் இறங்கி எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. எதிரே நின்ற டிட்டோ ஓர்டிஸை 2004இலும் 2006இலும் அடித்து வீழ்த்தியவர் அவர். அன்றோ கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றார். குத்து வருகிறது, தலை நகரவில்லை. முதல் சுற்றிலேயே விழுந்தார். அவருக்கு உரிமம் கொடுத்தது ஒரு மாநில ஆணையம். அதனால்தான் ஏற்பாட்டாளர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

வயதாகும் வீரரிடம் கடைசிவரை தங்குவது அடிக்கும் பலம். எல்லோரையும் ஏமாற்றுவதும் அதுதான், அவரையும் சேர்த்து. 2010 ஜூனில் இதே லிடெல் விட்ட உதையில் ரிச் ஃபிராங்க்ளினின் கை முறிந்தது. ஆனால் முதல் சுற்று முடியச் சில நொடிகளே இருக்கையில், அந்த முறிந்த கையோடு நின்றவர் விட்ட வலக்குத்தில் நினைவிழந்து விழுந்தவர் லிடெல்தான். அடிதாங்கும் திறன் குறைந்துவிட்டால் ‘தாடை போய்விட்டது’ என்று ரசிகர்கள் சொல்வார்கள். உண்மையில் அடிபட்டு அடிபட்டுத் தளர்ந்திருப்பது மூளை.

டோனி ஃபெர்குசன் தொடர்ந்து 12 சண்டைகளில் வென்றவர். 2020 மே மாதம் ஜஸ்டின் கேத்ஜியிடம் ஐந்தாம் சுற்றுவரை அடிவாங்கினார். நடுவர் நிறுத்தும்வரை அவர் பின்வாங்கவே இல்லை. அதையும் சேர்த்து 2024 வரை எட்டுத் தோல்விகள், ஒன்றன்பின் ஒன்றாக. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு மருத்துவச் சோதனையில் தேறித்தான் கூண்டுக்குள் வந்திருப்பார்.

வயது வரம்பு கேட்கவில்லை. ராண்டி கூட்டூர் 43 வயதில் பட்டம் வென்றார், குளோவர் டெய்ஷெரா 42இல். வயதை வைத்து அவர்களைத் தடுத்திருந்தால் அநியாயம். நான் கேட்பது வேறு. ஒரு வீரரை இன்னொருவரோடு ஒப்பிடாமல், ஐந்தாண்டுக்கு முந்தைய அவரோடே ஒப்பிடுங்கள். நினைவாற்றல், எதிர்வினை வேகம், பேச்சு, மூளை ஸ்கேன் எல்லாவற்றையும் தொழிலுக்கு வந்த முதல் ஆண்டிலேயே பதிந்துவைத்து ஆண்டுதோறும் அளந்து பாருங்கள். லாஸ் வேகாஸில் கிளீவ்லண்ட் கிளினிக் 2011 முதல் வீரர்களின் மூளையை இப்படித்தான் ஆய்ந்துவருகிறது. வழி தெரியாத காரியம் அல்ல.

தலைசுற்றல் இருக்கிறதா என்று வீரரிடமே கேட்பதோடு விட்டுவிடாதீர்கள். பல ஒப்பந்தங்களில் சம்பளத்தில் பாதி வென்றால்தான். சண்டை ரத்தானால் மொத்தமும் போகலாம். வீட்டு வாடகையை நினைத்துக்கொண்டிருப்பவர் ‘இல்லை’ என்றுதான் சொல்வார்.

நாக் அவுட்டுக்குப் பிந்தைய தற்காலிகத் தடையை மாநிலங்கள் ஒன்றுக்கொன்று மதிக்கிறீர்கள். மூளைநலம் கருதி உரிமம் மறுக்கப்பட்டால் அதையும் அப்படியே மதியுங்கள். மறுப்பைக் கடிதத்தில் அனுப்பிவிட்டு ஒதுங்காமல், அவர் சம்மதித்தால் மனைவி பிள்ளைகளையும் அருகில் உட்காரவைத்துச் சொல்லுங்கள். சொன்னதையே அவர் திரும்பச் சொல்வதை முதலில் கவனித்தவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

அன்புடன்,
ஒரு ரசிகன்