கண் பார்த்தால்தான் கை செய்யுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்த வலைதளம் தொடங்குவது பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், "கண் பார்த்தால் கை செய்யும், பிடித்த பெட்டியை இழுத்துப் போட்டால் பக்கம் தயார்" என்று ஒரு வரி. நான் பிறவியிலேயே பார்வையற்றவன். திருமங்கலம் பக்கம் 22 ஆண்டுகளாகத் தமிழாசிரியர். என் கணினி அந்த வரியைப் படித்துக் காட்டியபின் அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

எங்கள் ஊர்க் கண்மாய், மடை பற்றிப் பெரியவர்கள் சொன்னதையெல்லாம் ஒரு தளத்தில் ஏற்றிவிடலாம் என்று தை மாதம் உட்கார்ந்தேன். எனக்கு மவுஸ் உதவாது, டேப் விசையும் அம்புக்குறிகளும்தான். திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மென்பொருள் சொன்னது: "பட்டன், பட்டன், பட்டன்." பதினொரு முறை. எது படம் சேர்ப்பது, எது அழிப்பது? குத்துமதிப்பாக ஒன்றை அழுத்தினேன். இரண்டு மணி நேரம் தட்டியது போயே போய்விட்டது. அப்புறம் தங்கை மகன் வந்து, "தள்ளுங்க மாமா" என்று உட்கார்ந்து, நான் மறுபடி தட்டியதை ஏற்றிக் கொடுத்தான்.

பட்டனுக்குப் பின்னால் அதன் பெயரை எழுதி வைத்தால் திரைவாசிப்பான் படித்துவிடும். பட்டனில் சின்னத்தை வரைகிறவர்கள் அந்த ஒரு சொல்லை எழுதுவதில்லை. அந்த என்விடிஏவை 2006இல் எழுதத் தொடங்கிய மைக்கேல் கரன் பார்வையற்றவர், ஆஸ்திரேலியர். அவர் ஒரு மென்பொருளையே எழுதினார். எங்களுக்கு ஒரு வலைப்பக்கம் எழுத வராதா?

தளம் உருவாக்கும் கருவிகளை மாற்றுத்திறனாளிகளும் இயக்க முடிய வேண்டும் என்று, இணையத்துக்கான பொதுத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2000ஆம் ஆண்டே நெறிமுறை வெளியிட்டது. 2015இல் இரண்டாம் பதிப்பும் வந்தது. இங்கே மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இருக்கிறது. மின்னணு வசதிகளை அணுகுவது வாழும் உரிமையில் அடக்கம் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும், எங்களுக்கு வாசிக்கக் கிடைத்தால் போதும் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். நாங்கள் எழுதவும் செய்வோம் ஐயா.

இது இன்று நேற்றுக் கதையில்லை. கல்லூரித் தேர்வில் எனக்காக எழுத வந்த பையன், நான் சொன்ன ளகரத்தையெல்லாம் லகரமாக எழுதிவைத்தான். தமிழில் மதிப்பெண் குறைந்தது எனக்கு. கையெழுத்துப் போடப் பழகிக்கொண்டு ஒரு வங்கிக்குப் போனால், என் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினார்கள்.

சரி, தங்களிடம் கேட்பது ஒன்றுதான். தங்கள் தளத்தில் வாசகர் கடிதப் படிவத்தின் முடிவில், படத்தில் தெரியும் கோணல் எழுத்துகளைத் தட்டச்சு செய்யச் சொல்கிறீர்கள். அதைப் படித்துச் சொல்லப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுத்தான் இந்தக் கடிதம் தங்களிடம் வருகிறது. கடிதப் பகுதிக்குக் கீழே ஒரு மின்னஞ்சல் முகவரி போடுங்கள். அடுத்த கடிதத்தை நானே அனுப்பிவிடுவேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
தமிழாசிரியர் ஒருவர்,
திருமங்கலம்.