மூட்டையில் மணக்கிறது, கோழிக் குடலுக்குப் போய்ச் சேரவில்லை: மூலிகைத் தீவனச் சேர்க்கை பற்றிய புகார்

அனுப்புநர்:
பிராய்லர் பண்ணையாளர்,
பல்லடம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
பொது மேலாளர்,
மூலிகைத் தீவனச் சேர்க்கைப் பிரிவு.

பொருள்: உங்கள் குடல்நலப் பொடி குச்சித் தீவனத்தில் பயன் தராதது, மூட்டையில் அளவு விவரம் இல்லாதது தொடர்பாக.

ஐயா,

நான் கம்பெனிக்கு வளர்த்துக் கொடுப்பவன் அல்ல. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் சொந்தக் காசு. நானும் மனைவியும் தம்பியும் சேர்ந்து இரண்டு கொட்டகைகளைப் பார்த்துக்கொள்கிறோம். மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் வாங்கி, பக்கத்து மில்லில் கூலிக்குக் கொடுத்துக் குச்சித் தீவனமாக (பெல்லட்) அடித்து வருவது வழக்கம். போன பேட்சில் உங்கள் பொடியைச் சேர்த்தோம். டன்னுக்கு அரை கிலோ, உங்கள் விற்பனைப் பிரதிநிதி சொன்ன அதே அளவு. அதுவரை தீவனத்தில் போட்டுவந்த பி.எம்.டி. என்ற ஆன்டிபயாடிக்கை அடியோடு நிறுத்தினோம், ஏனென்றால் உங்கள் துண்டறிக்கை "ஆன்டிபயாடிக்குக்கு முழு மாற்று" என்று கொட்டை எழுத்தில் சொல்கிறது.

மூன்றாம் வாரம் முடியும் நேரத்தில் ஒரு கொட்டகையில் லிட்டர், அதாவது தரையில் பரப்பியிருக்கும் படுக்கை, நசநசக்க ஆரம்பித்தது. எச்சத்தில் செரிக்காத சோளத் துணுக்குகள் அப்படியே கிடந்தன. அப்புறம் சாவு, அதுவும் நல்ல எடை பிடித்த கோழிகளாகப் பார்த்து. கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்தார். சிறுகுடல் காற்றடைத்து உப்பி, சுவர் மெலிந்து, உட்பக்கம் பழைய குளியல் துண்டு மாதிரி சொரசொரவென்று இருந்தது. கிளாஸ்ட்ரிடியம் கிருமியால் வரும் குடல் அழுகல் நோய் என்று எழுதிக் கொடுத்தார். ரத்தக்கழிச்சலுக்கான அடையாளம் எதுவும் இல்லை. அதற்கான சாலினோமைசின் எப்போதும்போலத் தீவனத்தில் இருந்தது.

உங்கள் பிரதிநிதியைப் போனில் பிடித்தேன். இந்த நோயைத் தூண்டிவிடும் சரக்கு ஏதும் போட்டோமா என்று பார்க்க, கருவாட்டுத்தூள் சேர்த்தீர்களா என்று கேட்டார். இல்லை. கோதுமை? அதுவும் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஒரு வாரம் பி.எம்.டி. போட்டுடுங்கண்ணா, சரியாப் போயிரும்" என்றார். முழு மாற்று என்று எதை நிறுத்தச் சொன்னீர்களோ, அதையே திரும்பப் போடச் சொல்கிறார் உங்கள் ஆள்! நான் போடவில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த சிகிச்சையைத் தண்ணீரில் கொடுத்து, மருந்து உடம்பை விட்டுப் போகும்வரை விற்பனையைத் தள்ளிவைத்து, அத்தனை நாளும் தீவனத்துக்குச் செலவழித்தேன்.

இது வளர்ப்புக் குறை என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள் என்பதால் அடுத்த கொட்டகையின் கதையையும் சொல்கிறேன். அந்தச் சமயம் மில்லில் நெரிசல். அதனால் இரண்டாவது கொட்டகைக்குப் பண்ணையிலேயே கலந்து தூள் தீவனமாகக் கொடுத்தோம். ஒரே பொரிப்பகத்துக் குஞ்சு, ஒரே ஃபார்முலா, உங்கள் பொடியிலும் ஒரே லாட். அங்கே லிட்டர் கடைசிவரை உதிரியாகவே இருந்தது. குச்சித் தீவனம் தின்ற கோழிதான் எடையில் முந்தும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கோ தலைகீழாக நடந்தது. ஒரு கிலோ எடை கூட எத்தனை கிலோ தீவனம் என்பதுதான் எஃப்.சி.ஆர்., குறைந்தால் நல்லது. தூள் தின்ற கொட்டகையில் அது 1.65, குச்சி தின்ற கொட்டகையில் 1.85. ஒரு பேட்சை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது, சரி. ஆனால் இரண்டு தீவனத்துக்கும் நடுவே எனக்குத் தெரியும் வித்தியாசம் மில்லின் சூடுதான்.

குச்சி அடிக்கும்போது நீராவியில் தீவனம் 80 டிகிரி வரை சூடேறுகிறது. ஓமத்தின் தைமால், பட்டையின் சின்னமால்டிஹைடு, கிராம்பின் யூஜெனால் எல்லாமே ஆவியாகிற எண்ணெய்ச் சரக்கு. கிருமியின் மேல்சவ்வைக் குலைத்துக் கொல்லும் வலு இவற்றுக்கு உண்டு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, தூள் தின்ற கொட்டகையைப் பார்த்த பிறகு இன்னும் இல்லை. ஆனால் கொழுப்பாலோ வேறு எதாலோ மேல்பூச்சு கொடுக்காவிட்டால் ஒரு பகுதி நீராவியோடு போய்விடும். தப்பியதிலும் பெரும்பகுதி குடலின் மேல்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். நோய் இருப்பது அதற்குக் கீழே.

உங்கள் பிரதிநிதி முதன்முதலில் வந்தபோது பாக்கெட்டைப் பிரித்து மூக்கருகே நீட்டி, வாசத்தைப் பாருங்கள் என்று பெருமைப்பட்டார். என் புகாரே அந்த வாசம்தான். நன்றாகப் பூச்சு கொடுத்த சரக்கு அப்படி ஊரைக் கூட்டாது. எங்கள் தீவனம் அடித்த அன்று மில்லே ஓம வாசனையில் மிதந்தது. மில்காரருக்கு ஒரே சந்தோஷம். கோழி வயிற்றுக்குப் போக நான் காசு கொடுத்த எண்ணெய் அது.

மூட்டையில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? "ஓமம், மஞ்சள், பூண்டு, கிராம்பு, பட்டை." அவ்வளவுதான். எது எவ்வளவு, எண்ணெயா பொடியா, ஒன்றும் கிடையாது. ஐந்தும் சமபங்கு என்றே வைத்துக்கொள்வோம். அரை கிலோவில் மஞ்சள் 100 கிராம். மஞ்சளின் முக்கியச் சத்தான குர்குமின் அதில் நூற்றுக்கு மூன்று பங்கு இருந்தால், ஒரு டன் தீவனத்துக்குக் கிடைப்பது 3 கிராம். இதில் எந்தக் குடல் ஆறும்? குர்குமின் படம் போட்டு ஒரு பக்கமே ஒதுக்கியிருக்கிறீர்கள் துண்டறிக்கையில்.

அதே துண்டறிக்கையில் "ஐரோப்பா 2006 முதல் மூலிகையை மட்டும் கொண்டு கோழி வளர்க்கிறது" என்று ஒரு வரி. அது தவறு. 2006 ஜனவரி 1 முதல் அங்கே நிறுத்தப்பட்டது, வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் போடுவது. நோய் வந்தால் மருத்துவர் சீட்டோடு சிகிச்சை உண்டு. ரத்தக்கழிச்சலைத் தடுக்கும் மோனென்சின் போன்றவையும் தீவனத்தில் தொடர்கின்றன. அவர்களுக்கும் முன்னால் 1986-லேயே நிறுத்திய சுவீடன் தீவனம், கொட்டகை, சுத்தம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் திருத்தியது. பழைய பொடிக்குப் பதில் புதுப் பொடி என்று யாரும் அங்கே முடித்துக்கொள்ளவில்லை.

மூலிகைக்கு எதிராக நான் எழுதவில்லை. 2019-இல் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கோழிக்குக் கொடுக்கத் தடை வந்தது முதல் மாற்றுத் தேடும் பண்ணையாளர்களில் நானும் ஒருவன். வாங்க வருபவர்களும் கறியில் மருந்து எச்சம் இருக்குமா என்று கேட்கிறார்கள். அடுத்த பேட்சுக்கும் தாவரச் சரக்குதான் போடப் போகிறேன், அளவை மூட்டையில் எழுதுகிறவர்களிடம் வாங்கி.

நீங்கள் செய்ய வேண்டியது இது. நான் வாங்கிய லாட்டின் பகுப்பாய்வு அறிக்கையை அனுப்புங்கள். பூச்சு இருக்கிறதா, குச்சி அடித்த பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்று உங்களிடம் சோதனை இருந்தால் அதையும் அனுப்புங்கள். இல்லாவிட்டால் "தூள் தீவனத்துக்கு மட்டும்" என்று மூட்டையில் அச்சடியுங்கள். "முழு மாற்று" என்பதை எடுத்துவிடுங்கள். பிரிக்காத மூட்டைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர வேண்டும். செத்த கோழிகளுக்கும் சிகிச்சைச் செலவுக்கும் இழப்பீடு வேண்டும். கணக்கை இணைத்திருக்கிறேன்.

அதே லாட்டில் ஒரு பாக்கெட்டும், அன்று அடித்த குச்சித் தீவனமும் சீல் வைத்து எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டிலும் தைமால் எவ்வளவு என்று உங்கள் ஆள் முன்னிலையிலேயே ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம். எந்த ஆய்வகம் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். வணிகத்துக்கு வாங்கியவன் நுகர்வோர் இல்லை என்று உங்கள் வக்கீல் சொல்லக்கூடும். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்குகிறவரும் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது. பதிலைப் பிரதிநிதி மூலம் சொல்லி அனுப்ப வேண்டாம், தபாலில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பண்ணையாளர்

இணைப்பு: பில் நகல்கள், கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்பு, இரண்டு கொட்டகைகளின் தீவன, எடைப் பதிவு, இழப்புக் கணக்கு, உங்கள் துண்டறிக்கை.