மடிக்கணினியைத் தரையிலேயே விட்டுவிடு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பெரிய ஜெட் விமானங்களுக்கு விடை கொடுத்துவிட்டுப் விமானப் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராகச் சேரப் போகிறாய் என்று படித்ததும் எனக்கு ஒரே கொண்டாட்டம். சிறிய விமானத்தின் வெக்கையையும் இரைச்சலையும் பற்றி நான் புலம்பும்போதெல்லாம் ஏசி காற்றில் உட்கார்ந்தபடி சிரித்தவன் நீ. இனி நீ புலம்பு, நான் சிரிக்கிறேன்.

வீட்டில் எல்லோரும் நலம். என் முதுகு மட்டும் அவ்வப்போது முனகுகிறது. போன மருத்துவப் பரிசோதனையில் சான்றிதழில் கண்ணாடி நிபந்தனையையும் ஏற்றிவிட்டார்கள். போட்டிருக்கும் கண்ணாடி உடைந்தால் உடனே எடுத்து மாட்ட இன்னொன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். என் பையில் கடைசியாகக் குடியேறியது அந்த இரண்டாவது கண்ணாடிதான். பறக்கும்போது எடுத்துப் போக எந்தப் பை வாங்கலாம் என்றுதானே நீ கேட்டிருக்கிறாய், அதற்கே வருகிறேன்.

நீ அனுப்பிய இரண்டு படங்களையும் பார்த்தேன். தோல் பை பார்க்க லட்சணமாக இருக்கிறது. அதை மறந்துவிடு. காலியாக இருக்கும்போதே கனக்கும். ஈரமும் எண்ணெயும் படிந்த தரையில் தினமும் வைத்து எடுத்தால் அடிப்பாகம் சீக்கிரமே பாழாகிவிடும். இரண்டாவது, முதுகில் மாட்டும் பை. மடிக்கணினிக்கு ஓர் அறை, டேப்லெட்டுக்கு ஓர் அறை, ஹெட்செட்டுக்குப் பக்கப் பை, போதாததற்கு மாற்றுச் சட்டைக்கும் இடம். “ஒரே பையில் எல்லாம் அடங்கிவிடும்” என்று எழுதியிருக்கிறாய். எனக்கு உறுத்துவது அந்த வரிதான்.

ஏர்பஸ்ஸில் உன் இருக்கைக்கு வெளிப்பக்கம் பைக்கென்றே ஓர் இடம் இருந்தது. உட்காரும் முன்பே பையை அதில் இறக்கிவிடுவாய், அதன் பிறகு அதை நினைக்கவே வேண்டாம். இனி நீ பயிற்சி கொடுக்கப் போகும் சின்ன விமானமான செஸ்னா 172-இல் அப்படி எதுவும் கிடையாது. உள் அகலமே ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். இடப்பக்கம் மாணவர், வலப்பக்கம் நீ, தோளோடு தோள் உரசும். காலடியில் வைக்கலாமா என்றால் அங்கே விமானத்தின் மூக்கை இடமும் வலமும் திருப்பக் காலால் மிதிக்கும் ரட்டர் பெடல் இருக்கிறது. இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே தரையில் எரிபொருள் டேங்கை மாற்றும் கைப்பிடி இருக்கிறது. அதன் மேல் ஒரு தோள்பட்டை வார் விழுந்து சிக்கினால் என்ன ஆகும் என்று நீயே யோசி. மாணவரின் இருக்கைக்குப் பின்னால் தரையில் திணித்து வைப்பதும் சரியல்ல. அந்த இருக்கை தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகர்வது. அது சரியான இடத்தில் பூட்டிக்கொள்வதைப் பை தடுத்துவிடக் கூடாது.

மிஞ்சுவது பின் இருக்கை ஒன்றுதான். மாணவருக்குப் பின்னால் உள்ள இடத்தில் வைத்து, பையின் கைப்பிடிக்குள் சீட் பெல்ட்டை நுழைத்து இழுத்துக் கட்டிவிடு. காற்றுக் குலுக்கலில் எகிறி வந்து உங்கள் தலையில் மோதாது. பிறகு உன் பெல்ட்டைக் கழற்றாமலே இடக்கையைப் பின்னால் நீட்டிப் பார். அந்தக் கைக்கு எட்டும் உயரத்தில் திறப்பு இருக்கிற பைதான் உனக்கான பை. கடைக்காரர் எத்தனை பாக்கெட் என்று எண்ணிக் காட்டுவார். எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை.

இப்போது மடிக்கணினி. வகுப்பு எடுக்க அது வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலையில் நீ செய்யப் போவது என்ன? ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி வந்து இறங்கி ஏறுவாய், அல்லது பயிற்சிப் பகுதிக்குப் போய் அதே இடத்துக்குத் திரும்புவாய். மேலே மடிக்கணினிக்கு என்ன வேலை? சார்ஜரோடு சேர்த்தால் இரண்டு கிலோ. இரண்டு பெரியவர்கள், நிறைய எரிபொருள், வெயில் காலத்து மெலிந்த காற்று என்றாகும்போது அந்த விமானத்தில் எடையைக் கிலோ கிலோவாகக் கணக்குப் பார்ப்போம். அதைவிடப் பெரிய தொல்லை, பையின் அளவைத் தீர்மானிப்பதே மடிக்கணினிதான். 14 அங்குலக் கணினி படுக்க வேண்டும் என்றால் பை அந்த நீளத்துக்கு வளர்ந்தாக வேண்டும். வளர்ந்த பை காலியாக இருக்குமா? பழைய ரசீது, தீர்ந்த பேனா, யாரோ கொடுத்த சாவிக்கொத்து என்று தானே நிரம்பிக்கொள்ளும்.

நாம் தூக்கித் திரிந்த அந்தக் கறுப்பு நிறக் கைப்பெட்டி நினைவிருக்கிறதா? வரைபடக் கோப்புகள் நிறைய, மூடியைத் திறந்தால் காகித வாசம். திருத்தப் பக்கங்கள் வந்தவுடன் பழையதை உருவிப் புதியதைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2013-இல் காக்பிட்டில் காகிதத்தை விட்டு முழுதாக டேப்லெட்டுக்கு மாறியபோது, ஒரு விமானியின் பையிலிருந்து மட்டும் சுமார் 16 கிலோ குறைந்ததாகச் சொன்னார்கள். அவ்வளவு பாரத்தை இறக்கிவைத்த தலைமுறை நாம். அந்த இடத்தைக் கணினியாலும் வயர்களாலும் மறுபடி நிரப்புவானேன்?

ஆகவே இரண்டாக வாங்கு. மடிக்கணினிக்கு மெத்தை வைத்த சாதாரண உறைப் பை போதும்; அது பள்ளியின் அலமாரியில் பூட்டிக் கிடக்கட்டும். வெயிலில் நிற்கும் விமானத்துக்குள் மட்டும் விட்டுப் போகாதே. அங்கே டேப்லெட்டே தாங்காது: ஐபேடை 35 டிகிரிக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்று ஆப்பிள் சொல்கிறது, மூடிய காக்பிட் அந்த எல்லையை வெகு சீக்கிரம் தாண்டிவிடும். வெளியூர்ப் பயணம் என்றால் அன்றைக்கு உறைப் பையையும் பின் இருக்கையில் கட்டி எடுத்துப் போ. இரண்டையும் ஒன்றாகத் தூக்குவதுதான் உனக்கு வசதி என்றால், பகுதி பகுதியாக ஜிப் போட்டு இணைத்துக் கழற்றும் பைகள் வருகின்றன. பிரைட்லைன் நிறுவனத்தின் ஃபிளெக்ஸ் வரிசை அப்படிப்பட்டது. காரிலிருந்து அலுவலகம் வரை ஒரே பை. கணினிப் பகுதியைக் கழற்றி வைத்துவிட்டு மீதியோடு விமானத்துக்குப் போகலாம்.

பறக்கும் பைக்குள் முதல் இடம் ஹெட்செட்டுக்கு. உன் ஏர்பஸ் ஹெட்செட்டை அப்படியே கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்திருப்பாய். அதன் ஐந்து முள் பிளக் இங்கே எதிலும் நுழையாது. இங்கே காதுக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று என இரண்டு பிளக். மைக்குடையது சற்று மெலிந்தது. அடாப்டர் வாங்கினால் அதைப் பைக்குள் தனியே போடாதே, ஹெட்செட் வயரிலேயே மாட்டி வை, இல்லாவிட்டால் ஒருநாள் வீட்டு மேசையில் தங்கிவிடும். இங்குள்ள இரைச்சலுக்கு நல்ல ஒலித்தடுப்பு ஹெட்செட் புதிதாகவே வாங்குவது இன்னும் மேல். ஒலித்தடுப்புக்கு அனேகமாக இரண்டு ஏஏ பேட்டரி வேண்டும். மாற்று பேட்டரிகளைச் சாவியோடும் சில்லறையோடும் உரசவிடாமல் சின்ன டப்பாவில் போட்டு வை. ஹெட்செட் அறை கொஞ்சம் விறைப்பாக இருக்க வேண்டும். மைக் தண்டு மடங்கிய இடத்தில் மேலே வேறு ஏதாவது அழுத்தினால் முதலில் போவது அந்த மூட்டுதான்.

இரண்டாவது இடம் பவர் பேங்குக்கு. 100 வாட்-மணி வரை கேபினில் அனுமதி என்பது உனக்குத் தெரிந்ததுதான். 20,000 எம்ஏஎச் உள்ளது ஏறக்குறைய 74 வாட்-மணி, கவலை இல்லை. நான் பார்ப்பது அது எங்கே இருக்கிறது என்பதை. அடியில் புதைக்காதே. சூடேறினாலோ வாடை வந்தாலோ உடனே தெரிய வேண்டும், ஒரே இழுப்பில் வெளியே வர வேண்டும். மேல்பக்க வலைப் பாக்கெட் அதற்குச் சரி.

தண்ணீரோ தூசியோ கலந்திருக்கிறதா என்று டேங்கிலிருந்து கொஞ்சம் எரிபொருளைப் பிடித்துப் பார்க்கும் கிண்ணம் இனி உனக்குத் தினசரித் துணை. பெரிய விமானத்தில் அந்த வேலையை வேறு யாரோ பார்த்துவிடுவார்கள். அதைப் பையின் வெளிப்பக்கத்தில், தனியாக, ஒரு ஜிப் உறைக்குள் வை. 100எல்எல் என்கிற அந்த விமானப் பெட்ரோல் பார்க்க இளநீலமாக அழகாக இருந்தாலும் ஈயம் கலந்தது. சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் அதற்கு இடமில்லை. வாடையும் லேசில் போகாது.

உரிமம், மருத்துவச் சான்றிதழ், லாக்புக், பேனா, டார்ச் இவற்றைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டார்ச்சில் சிவப்பு விளக்கோடு வெள்ளை விளக்கும் இருக்கட்டும். காகித வரைபடத்தில் சிவப்பு நிறக் கோடுகள் சிவப்பு வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது.

பையைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது உள் துணியைக் கவனி. எல்லோரும் கறுப்புதான் போடுகிறார்கள், ஏனென்று எனக்குப் புரிவதே இல்லை. கறுப்புப் பைக்குள் கறுப்பு வயரை இருட்டில் தேடிப் பார்த்தவன் எவனும் அப்படித் தைக்க மாட்டான். வெளிர் சாம்பலோ ஆரஞ்சோ கிடைத்தால் அதை எடு. பிடிக்காமலே தானாக நிற்கிற பையா என்றும் பார். தரையில் வைத்ததும் சாய்ந்து விழுகிற பை நாள் முழுக்க எரிச்சலூட்டும். மூடிக்குக் காந்த பட்டன் வேண்டாம், ஜிப் போதும். அந்தப் பையை யாராவது ஒருநாள் முன்பலகைக்கு மேலே வைப்பார்கள், திசைகாட்டி கோணிக்கொள்ளும். டேப்லெட் உறையில் உள்ள காந்தத்துக்கும் இதே பேச்சுதான்.

என் மகளும் பறக்கக் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறாள், எழுதினேனா? இத்தனை உபதேசத்தையும் அவளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, மஞ்சள் நிறம் பிடித்திருக்கிறது என்று ஒரு சின்னப் பையை வாங்கி வந்தாள். என் பட்டியலில் உள்ள எல்லாமே அதில் இருக்கிறது. வெறுப்பாகத்தான் இருக்கிறது.

நீ உடனே எதையும் வாங்கிவிடாதே. முதல் வாரம் பழைய துணிப்பை ஒன்றை எடுத்துப் போ. எதை மேலே எடுத்தாய், எது தொடப்படாமலே திரும்பி வந்தது என்று பார்த்து எனக்கு எழுது. பள்ளியில் 172 தவிர வேறு என்ன விமானங்கள் இருக்கின்றன என்பதையும் சொல். ஒற்றைக் கதவு உள்ள பைப்பர் என்றால், வலது இருக்கைக்காரன் ஏறி இறங்குகிற கதையே வேறு. அதற்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய சகா