காலியான கால்

சிங்கப்பூர்
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு ஓசூரில் வேலை, உனக்குச் சர்க்கரை கட்டுக்குள், அடுக்ககச் சங்கத்துக்கு நீ செயலாளர். முதல் இரண்டுக்கும் வாழ்த்து. மூன்றாவதற்குப் பிறகு வருகிறேன், நீ கேட்ட கேள்விக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

என் பக்கம் பெரிய சேதி எதுவும் இல்லை. வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி தேவலை. பேரன் என்னிடம் தமிழிலும் அவன் அம்மாவிடம் ஆங்கிலத்திலும் அடம் பிடிக்கிறான். காலையில் புளோக்குக்குக் கீழே தாய்ச்சி, அந்த மெதுவான சீனத் தற்காப்புப் பயிற்சி, பழகப் போவது தொடர்கிறது. அதைத் தெரிந்துதான் நீ கேட்டிருக்கிறாய்: தியான வகுப்பில் மனதைக் காலி செய்யச் சொல்கிறார்கள், கண்ணை மூடினால் லிப்ட் பராமரிப்புப் பாக்கி வந்து நிற்கிறது, விரட்டினால் இன்னும் நாலு பாக்கியைக் கூட்டிக்கொண்டு வருகிறது. “உன் சீனக்காரர்களும் வெறுமை வெறுமை என்கிறார்களே, அவர்கள் எப்படித்தான் காலி செய்கிறார்கள்?” என்று.

நான் பார்த்தவரை அவர்கள் மனதில் தொடங்குவதில்லை. காலில் தொடங்குகிறார்கள்.

எங்கள் ஆசிரியை எழுபதைத் தாண்டியவர். அவருக்கு மாண்டரினும் ஹொக்கியனும், எனக்குத் தமிழும் அரைகுறை ஆங்கிலமும். நடுவில் பாலமாக இருப்பது சந்தை மலாய். கொசோங் என்றால் காலி. சர்க்கரை போடாத தேநீர் இங்கே கொசோங், உள்ளே எதையும் வைக்காத ரொட்டியும் கொசோங். மடக்கிய விசிறியால் யாராவது ஒருவர் முழங்காலைத் தட்டி, “கொசோங், கொசோங்” என்பார். அந்தக் காலில் இன்னும் கனம் மிச்சம் இருக்கிறது, அதையும் எடு என்று அர்த்தம்.

நாம் சாதாரணமாக நடப்பது பாதி விழுவதுதான். பின்காலில் கனம் முழுதாக இறங்குவதற்கு முன்பே முன்காலை வீசி அதன்மேல் போய் விழுகிறோம். தாய்ச்சியில் அது கூடாது. உடம்பின் கனம் முழுவதும் வலது காலுக்குள் இறங்கிய பிறகே இடது கால் தரையை விட்டு எழும். முன்னே போய்க் குதிகாலை வைக்கும், ஆனால் வைத்த பிறகும் அதில் கனம் இருக்காது. அந்த இடத்தில் வாழைப்பழத் தோல் கிடந்தால் காலை அப்படியே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். தரை சரியாக இருந்தால் மெல்ல மெல்லக் கனத்தை மாற்றலாம். வயதானவர்கள் தடுக்கி விழுவதைத் தாய்ச்சி குறைக்கிறது என்று ஆய்வுகள் சொல்வதற்கு இந்த ஒரு பழக்கமே பாதிக் காரணம் என்பது என் கணிப்பு.

யாங் செங்ஃபூ என்று ஒரு பெரிய ஆசான், 1883இல் பிறந்து 1936இல் மறைந்தவர். இன்று உலகம் முழுக்கப் பூங்காக்களில் நிதானமாகக் கை அசைக்கிறார்களே, அந்தப் பாணி பெரும்பாலும் அவர் வழி வந்தது. அவர் சொன்ன பத்து விதிகளை ஒரு சீடர் எழுதி வைத்திருக்கிறார். அதில் நான்காவது, வெறுமையையும் நிறைவையும் பிரித்தறிவது. தாய்ச்சியில் முதல் காரியமே இதுதான் என்கிறார். பிரிக்கத் தெரியாவிட்டால் திரும்புவது பாரமாக இருக்கும், யார் வேண்டுமானாலும் இழுத்துச் சாய்த்துவிடலாம். இரண்டு காலையும் சரிபாதிக் கனத்தோடு ஊன்றி நிற்பதுதான் உறுதி என்று நமக்குத் தோன்றும். அவர்கள் கணக்கில் அது குறை. வாங் சோங்யுவே எழுதியதாகச் சொல்லப்படும் பழைய கட்டுரை ஒன்று, பல வருஷம் பழகியும் எதிராளியின் விசையைக் கரைக்கத் தெரியாமல் போகிறவர்களுக்கு இந்த ‘இரட்டைக் கனம்’தான் வியாதி என்கிறது.

காலியான கால் என்றால் செத்த கால் என்று எடுத்துக்கொள்ளாதே. வெண்கொக்கு சிறகு விரிப்பது என்றொரு நிலை உண்டு. முன்கால் விரல் நுனி மட்டும் தரையைத் தொடும், கனம் கிட்டத்தட்ட முழுவதும் பின்காலில். பார்க்கிறவனுக்கு அந்த முன்கால் சும்மா அலங்காரம். உண்மையில் அந்த நேரத்தில் உதைக்கவோ, எட்டு வைக்கவோ, பின்வாங்கவோ முடிகிறது அதனால்தான். சுமக்கிற கால் சுமந்துகொண்டு நிற்க வேண்டியதுதான், அதற்கு வேறு போக்கு இல்லை.

இது இருவர் பயிற்சியில் இன்னும் நன்றாகப் புரியும். எதிரெதிரே நின்று, மணிக்கட்டும் மணிக்கட்டும் ஒட்டியபடி, மாறி மாறித் தள்ளுவதும் விலக்குவதும். என்னோடு கை சேர்க்கிறவர் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், என்னைவிட ஒல்லி. அவர் நெஞ்சை நோக்கித் தள்ளினால் தள்ளுகிற இடத்தில் ஆள் இருக்க மாட்டார். எங்கேயும் ஓடியிருக்கவும் மாட்டார், கை ஒட்டியபடியேதான் இருக்கும். நாம் அழுத்துகிற பக்கம் மட்டும் உள்வாங்கியிருக்கும், தள்ளின விசையோடு நாமே போய்க்கொண்டிருப்போம். அதே பழைய கட்டுரை, இடப்பக்கம் கனத்தால் இடப்பக்கம் வெறுமையாகட்டும் என்கிறது. ஓர் இறகைக் கூடச் சேர்க்க முடியாது, ஓர் ஈ கூட உட்கார முடியாது என்றும் சொல்கிறது. அந்த அளவுக்கு உணர்வு கூர்மையாக இருக்க வேண்டுமாம். யாங் குடும்பத்து முன்னோர் ஒருவர் உள்ளங்கையில் குருவியை வைத்துக்கொள்வாராம். எழும்ப அது காலை உந்தும்போதெல்லாம் கை இளகிக்கொடுத்துவிடும், உந்துவதற்குப் பிடிமானம் கிடைக்காமல் குருவி பறக்க முடியாதாம். கதைதான். ஆனாலும் எனக்குப் பிடித்த கதை.

எதிராளியின் விசையைத் தொட்டே அறியும் இந்தத் திறமையை அவர்கள் கேட்பது என்றுதான் சொல்கிறார்கள். கை கேட்கிறது. இதைப் பழகிக்கொண்டிருந்த காலத்தில்தான் சுவாங் ட்சு என்ற பழைய சீனத் தத்துவ நூலின் நான்காம் அத்தியாயம் எனக்குப் பிடிபட்டது. அதில் யான் ஹுய் என்ற சீடன் வெய் நாட்டுக்குப் புறப்படுகிறான். அங்கே அரசன் கொடுங்கோலன், போய்த் திருத்துகிறேன் என்கிறான். குரு கன்பூசியஸ் (கதையில் வருகிற கன்பூசியஸ், வரலாற்று மனிதரே பேசியதாக எடுத்துக்கொள்ளாதே) நீ தலையைக் கொடுத்துவிட்டு வருவாய், முதலில் விரதம் இரு என்கிறார். சீடனோ, எங்கள் வீடு ஏழை வீடு, மாதக்கணக்காக மதுவும் இல்லை, இறைச்சியும் இல்லை, இது விரதம் ஆகாதா என்று கேட்கிறான். அது பூசைக்கு இருக்கிற விரதம், நான் சொல்வது மனவிரதம் என்கிறார் குரு. காதால் கேட்காதே, மனதால் கேள். மனதாலும் கேட்காதே, உயிர்மூச்சால் கேள். காது ஓசையோடு நின்றுவிடுகிறது, மனம் தனக்குத் தெரிந்ததோடு பொருத்திப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறது. மூச்சு வெறுமையாய் இருந்து எது வந்தாலும் அதற்காகக் காத்திருக்கிறது, தாவோ (எல்லாவற்றுக்கும் அடிப்படையான வழி) சேர்வது அந்த வெறுமையில்தான். ஏறக்குறைய இப்படிப் போகிறது பேச்சு.

இதில் முக்கியம் என்று எனக்குப் படுவது, இந்த உபதேசம் குகைக்குப் போகிறவனுக்குச் சொல்லப்படவில்லை. கொடுங்கோலன் சபைக்குப் போகிறவனுக்குச் சொல்லப்பட்டது. திட்டம், கோட்பாடு, நல்ல பெயர் எடுக்கும் ஆசை எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு போனால் அங்கே இருப்பதைப் பார்க்க மாட்டாய், உன் மூட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய். உன் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்துக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, உட்கார்ந்து செய்கிற தியானத்துக்கு வருகிறேன். தாவோ மரபில் இதைத் தெளிவாக எழுதியவர் சீமா செங்ஜென், 647 முதல் 735 வரை வாழ்ந்தவர். தாங் வம்சத்துப் பேரரசி வூவும் பின்னால் வந்த மன்னர்களும் அவரைத் தியென்தாய் மலையிலிருந்து அழைத்துப் பேசியிருக்கிறார்கள். ‘உட்கார்ந்து மறத்தல்’ பற்றி ஏழு படிகளாக ஒரு சிறு நூல் எழுதினார். மனதைச் சேர்ப்பது அதில் மூன்றாம் படி. அங்கே ஒரு வைத்தியர் மாதிரி பேசுகிறார். எழுகிற எண்ணங்களையெல்லாம் நல்லது கெட்டது பாராமல் அழித்துக்கொண்டே போனால் உணர்வே மழுங்கி, குருட்டு மயக்கத்தில் போய் முடியும். அப்படியே அவிழ்த்துவிட்டால் நீ பழைய ஆள்தான். இதற்குப் பயந்து வெறுமையில்தான் நிற்பேன் என்று மனதைப் பிடித்து நிறுத்தினாலோ, அதுவும் ஓர் இடத்தைப் பற்றிக்கொண்டதுதான், அது வெறுமை இல்லை. மனம் களைத்துப்போகும், நோயும் வரும். நீ எழுதிய தலைவலியை ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் குறித்து வைத்திருக்கிறார்.

அது மூன்றாம் படி என்றேன் அல்லவா, இரண்டாம் படி என்ன தெரியுமா? தேவையில்லாத ஒட்டுறவுகளை அறுப்பது. நான்காம் படி, காரியங்களைக் குறைப்பது. உட்காருவதற்கு முன்னும் பின்னும் வாழ்க்கையில் இடம் விட வேண்டும் என்கிறார். ஓய்வு பெற்ற கையோடு சங்கச் செயலாளர் பதவியை வாங்கிக்கொண்டு, வாட்ஸப் குழுவில் இருநூறு வீட்டுக்காரர்களின் தண்ணீர்ப் புகாரையும் படித்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மனம் காலியாகவில்லையே என்றால் நான் என்ன சொல்ல? லிப்ட் பாக்கி வந்து நிற்பதில் தப்பே இல்லை. அதற்கு நீதானே பொறுப்பு.

நீ இந்நேரம் ‘சும்மா இரு’ என்பதை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பாய். தெரியும். அதை இதோடு கலக்காதே, அது வேறு பெரிய கதை, நேரில் பேசலாம். பௌத்தர்கள் சொல்லும் சூனியத்தையும் இதோடு முடிச்சுப் போட வேண்டாம். அது பொருள்களுக்குத் தனி இருப்பு உண்டா என்ற வாதம். இங்கே கேள்வி இடம் இருக்கிறதா இல்லையா என்பதுதான். தாவோ மரபின் மூல நூலான லாவோ ட்சு பதினோராம் அத்தியாயத்தில் சொல்வது அதுதான். முப்பது ஆரக்காலும் சக்கரத்தின் நடுக்குடத்தில் வந்து சேர்கின்றன, நடுத் துளையால்தான் வண்டி ஓடுகிறது. பானைக்கும் அறைக்கும் அதே நியாயம், உள்ளே காலியாக இருப்பதால்தான் பயன். அதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது நாங்கள் பழகும் இடம். இங்கே அரசாங்க அடுக்குமாடிகளில் எழுபதுகளிலிருந்து தரைத்தளத்தை வீடு கட்டாமல் வெறுமனே விட்டுவைத்தார்கள். காலையில் அங்கே தாய்ச்சி, மத்தியானம் கிழவர்களின் சதுரங்கம், ஒரு வாரம் மலாய்க் கல்யாணம், மறு வாரம் சீனர் வீட்டுத் துக்கம். வீடு கட்டியிருந்தால் நாலு குடும்பத்துக்கு மட்டும்தான் ஆகியிருக்கும்.

இன்னொன்று, மூன்றாம் அத்தியாயத்தில் வருகிறது. ஞானி ஆளும்போது மக்களின் மனதை வெறுமையாக்கி வயிற்றை நிறைக்கிறான் என்று. அரசியலாகப் படித்தால் எனக்குக் கொஞ்சம் நெருடும், எந்தச் சர்வாதிகாரிக்கும் பிடித்த வாக்கியமாகிவிடும். தியானம் செய்கிறவர்கள் அதை உடம்புக்கு மாற்றிக்கொண்டார்கள். நெஞ்சு இளகி வெறுமையாக, கவனமும் மூச்சும் தொப்புளுக்குக் கீழே இறங்கி நிறைவாக. தாய்ச்சியில் நிற்கிற நிலையே அதுதான். மனதைக் காலி செய்ய அவர்கள் வைத்திருக்கிற உபாயமும் அதுதான்: மேலே இருப்பதை விரட்டுவதில்லை, கீழே கனத்தை இறக்குகிறார்கள்.

தாய்ச்சியே தாவோ துறவிகள் தந்ததா என்றும் கேட்டிருந்தாய். வூதாங் மலையில் ஜாங் சான்ஃபெங் என்ற துறவி உருவாக்கினார் என்பது புராணம். தடயம் கிடைப்பது பதினேழாம் நூற்றாண்டில், ஹெனான் மாகாணத்துச் சென் குடும்பக் கிராமத்தில். அவர்கள் துறவிகள் அல்ல, சண்டை தெரிந்த குடியானவர்கள். தத்துவம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது என்று சொல்கிற ஆய்வாளர்கள் பக்கம்தான் நானும். ஆனால் ஒட்டியது நன்றாகவே ஒட்டியிருக்கிறது. மறுபக்கம், வெறுமையைக் கடைப்பிடிக்கும் பேச்சு மிகப் பழையது. 1993இல் ஹூபெய் மாகாணத்தில் குவோதியென் என்ற இடத்துக் கல்லறையில் மூங்கில் பட்டைகள் கிடைத்தன, கி.மு. 300ஐ ஒட்டியவை. லாவோ ட்சு நூலின் ஒரு பகுதிதான் அதில் இருக்கிறது. அந்தப் பகுதியிலும், வானுக்கும் மண்ணுக்கும் நடுவில் இருப்பது துருத்தி மாதிரி, காலியாக இருந்தும் வற்றுவதில்லை என்ற வரி இருக்கிறது, வெறுமையின் எல்லையை எட்டு என்ற வரியும் இருக்கிறது.

நீ செய்து பார்க்க ஒன்று. ஒரு வாரத்துக்கு உட்காராதே, நில். மொட்டை மாடியில், காலைத் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும். கனத்தை மெதுவாக ஒரு காலுக்குள் இறக்கு, மற்றக் கால் தானாக எழும்புகிற வரைக்கும். பிறகு மாற்று. வேகம் வேண்டாம், எண்ணிக்கையும் வேண்டாம். லிப்ட் பாக்கி வந்தால் வரட்டும். அதை விரட்டப் போனால் கால் தள்ளாடும், அப்போது உனக்கே தெரியும். உன் இடது முழங்கால் பழைய கேஸ், ஆழமாக மடக்காதே, சுவரோரமாக நில்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிற எண்ணம் இருக்கிறது. டிக்கெட் போட்டதும் எழுதுகிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். நான் வருகிற வாரத்தில் மட்டும் பொதுக்குழுவைக் கூட்டிவிடாதே, உன் பக்கத்தில் உட்கார்ந்து கை தூக்க என்னால் ஆகாது.

உன் பழைய அறைத்தோழன்