அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. குறுவட்ட விளையாட்டுப் போட்டிகள், திருக்குறள் ஒப்புவித்தல், பேச்சுப் போட்டி எல்லாவற்றிலும் நம் பிள்ளைகள் ஆர்வத்தோடு கலந்துகொண்டார்கள், அனைவருக்கும் பாராட்டுகள். குழந்தைகள் தின விழாவுக்கு வந்திருந்தவர்களுக்கு நன்றி. மதிப்பெண் பட்டியல் பள்ளி திறந்த முதல் வாரத்தில் தரப்படும்.

இன்னொரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. சென்ற மாதம் நடந்த இணையவழி ஓவியப் போட்டிக்கு நாம் அனுப்பிய படங்களில் பாதிக்கு மேல் நடுவர் பார்வைக்கே போகவில்லை. ஏ3 தாள் கேட்டார்கள். அதில் சரிபாதியான ஏ4 தாளில் வரைந்திருந்தோம். ‘எங்கள் ஊர் நீர்நிலை’ என்பது தலைப்பு. போன வருடப் போட்டிக்கு வரைந்த மயில் மறுபடியும் போயிருக்கிறது. சிலர் வாட்ஸ்அப்பில் வந்து சுருங்கிப்போன போட்டோவையே ஏற்றிவிட்டார்கள். டாக்குமெண்டாக அனுப்பியிருந்தால் படம் தெளிவு குறையாமல் வந்திருக்கும்.

விதிமுறைகளை யாரும் வேண்டுமென்று மீறவில்லை. வகுப்புக் குழுவில் வந்தது பரிசுத் தொகையும் கடைசித் தேதியும் போட்ட போஸ்டர். விதிகள் அதன் கீழிருந்த லிங்க்கில் இருந்தன. அதைத் திறந்து படித்துச் சொல்லாமல் போஸ்டரை மட்டும் ஃபார்வேர்டு செய்தது பள்ளியின் தவறு. அதற்காக வருந்துகிறேன்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, கண்மாயில் தாத்தா மாடு குளிப்பாட்டுவதை வரைந்திருந்தாள். கலங்கிய தண்ணீரில் மாட்டின் நிழல் நெளிவதைக்கூட விடவில்லை. படத்தின் மேல் பெயர் எழுதக் கூடாது என்பது விதி. யார் வரைந்தது என்று தெரியாமல் நடுவர் பார்க்க வேண்டும் அல்லவா? மூலையில் அவள் பெயரும் பள்ளியின் பெயரும் ஸ்கெட்சில் பெரிதாக எழுதியிருந்தன. அது அவள் கையெழுத்து அல்ல. “நான் எங்க டீச்சர் தப்பா வரைஞ்சேன்?” என்று அவள் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஒன்றை வெளிப்படையாகவே சொல்கிறேன். சில படங்களைப் பிள்ளைகள் வரையவில்லை. ஆறு வயதுக் கை இழுக்கக்கூடிய கோடுகள் அல்ல அவை. ஏஐ செயலியில் செய்த படங்களும் இருந்தன. ‘மாணவரின் சொந்தப் படைப்பு’ என்ற சான்றில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இனி அப்படிப்பட்ட படத்துக்கு என் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் கிடைக்காது. பக்கத்தில் உட்காருங்கள், பென்சில் சீவிக் கொடுங்கள். கோடு பிள்ளை போடட்டும். கோணலாக இருந்தாலும் சரி.

வேலை முடிந்து களைத்து வந்த பிறகும், நெட் கிடைக்காமல் மொட்டை மாடியில் நின்று, நடுராத்திரிக்குள் படத்தை ஏற்றியவர்கள் உங்களில் பலர். பிள்ளைக்கு ஒரு சான்றிதழாவது கிடைக்கட்டும் என்ற அந்த ஆசையை நான் அறிவேன். அதற்கு என் மனமார்ந்த நன்றி.

ஜனவரி முதல் போட்டிப் படங்களைப் பள்ளியிலேயே வரைய வைக்கிறோம். ஓவிய ஆசிரியர் விதிகளை வகுப்பில் வாசித்துக் காட்டுவார்; படத்தை ஏற்றும் வேலையும் எங்களுடையது. நீங்கள் வண்ணங்களும் அட்டையும் கொடுத்து அனுப்பினால் போதும்.

அந்தக் கண்மாய்ப் படத்தை அலுவலக வாசலில் மாட்டியிருக்கிறோம். மதிப்பெண் பட்டியல் வாங்க வரும்போது அவசியம் பாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்