‘தண்ணீர் – தேவையான அளவு’ என்று இனி அச்சிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சமையல் குறிப்புகளில் உப்புக்கும் தண்ணீருக்கும் காலங்காலமாக ஒரே அளவுதான்: ‘தேவையான அளவு’. திறந்த பாத்திரத்தில் சமைக்கும்வரை இதில் பெரிய குற்றமில்லை. குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம், கூடினால் சுண்டவிடலாம். எலக்ட்ரிக் பிரஷர் குக்கரில் மூடியைத் திருகிப் பூட்டிவிட்டால் உள்ளே நடப்பது தெரியாது, கிளறவும் முடியாது. முதலில் ஊற்றியதுதான் கணக்கு. ஆகவே உங்கள் சமையல் பகுதியில் இந்தக் குக்கருக்கான குறிப்பு வரும்போதெல்லாம் குக்கரின் கொள்ளளவை லிட்டரிலும் தண்ணீரை மில்லிலிட்டரிலும் அச்சிட வேண்டுகிறேன். காரணத்தை வாசகர்களுக்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒவ்வொரு குக்கருக்கும் இதற்குக் கீழே போகக்கூடாது என்று ஒரு தண்ணீர் அளவு உண்டு. பரவலாகப் புழங்கும் மாடல்களின் கையேடுகளில் 2.8 லிட்டர் குக்கருக்கு 250 மி.லி., 5.7 லிட்டருக்கு 375 மி.லி., 7.6 லிட்டருக்கு 500 மி.லி. என்று இருக்கும். உங்கள் கையேடு வேறு எண் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். கால் கிலோ சமைத்தாலும் ஒன்றரைக் கிலோ சமைத்தாலும் இந்த அளவு மாறாது. குறிப்பைப் பாதியாக்கும்போது தண்ணீரையும் பாதியாக்குவதுதான் பலர் செய்யும் முதல் தவறு.

இத்தனை தண்ணீர் எதற்கு? இந்தக் குக்கர்கள் பெரும்பாலும் வெளிக்காற்றைவிட 70 கிலோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) கூடுதலான அழுத்தத்தில், அதாவது சுமார் 115 டிகிரி செல்சியஸில் வேலை செய்கின்றன. 5 லிட்டர் காலி இடம் முழுவதையும் அந்த அழுத்தத்தில் ஆவியால் நிரப்ப 5 கிராம் தண்ணீர், ஒரு தேக்கரண்டி, போதும். மிச்சத் தண்ணீருக்கு வேறு வேலைகள் இருக்கின்றன. சூடேறும்போது உள்ளிருக்கும் காற்றை ஆவிதான் வெளியே தள்ளுகிறது. மூடியிலுள்ள மிதவை வால்வு மேலெழுந்து வழியை அடைக்கும்வரை ஆவி வெளியேறிக்கொண்டே இருக்கும். அதைவிட முக்கியமாக, அடித்தட்டின் சூட்டை வாங்கி மேலே உள்ள பொருளுக்குக் கொண்டுபோவது தண்ணீர்தான். 22 செ.மீ. அகலமுள்ள உள்பாத்திரத்தில் 375 மி.லி. ஊற்றிப் பாருங்கள். ஒரு செ.மீ. உயரம்தான் நிற்கும். அதற்குக் கீழே போனால் ஒரு காய்த்துண்டு அடியில் உட்கார்ந்த இடத்தில் தண்ணீரே இருக்காது. அங்கிருந்துதான் அடிப்பிடித்தல் தொடங்குகிறது.

இந்த எண்ணைத் தெரிந்துவைத்திருப்பவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: கப். கையேடு ‘ஒன்றரை கப்’ என்று சொல்வது 250 மி.லி. கப்பை. குக்கரோடு பெட்டியில் வரும் பிளாஸ்டிக் கப்போ அரிசி அளக்கும் கப். பெரும்பாலும் 180 மி.லி.தான் கொள்ளும். அதில் ஒன்றரை அளந்தால் 270 மி.லி.; 105 மி.லி. குறைவு. ‘கையேட்டில் சொன்னபடிதான் ஊற்றினேன், ஆனாலும் அடிப்பிடிக்கிறது’ என்ற புகாரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தக் கப்பைத்தான். சமையலறைத் தராசு இருந்தால் தண்ணீரை எடைபோடுவதே சுலபம்: 375 மி.லி. என்றால் 375 கிராம்.

எண்ணெய் இந்தக் கணக்கில் சேராது. அதிலிருந்து ஆவி வராது. 100 மி.லி. எண்ணெய் ஊற்றினாலும் தண்ணீரின் அளவில் ஒரு சொட்டும் குறைக்கக்கூடாது. மூடியைப் பூட்டி எண்ணெயில் பொரிப்பது ஆபத்து. இந்தச் சாதனங்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பால், கிரீம், தக்காளி விழுது, மாவு கரைத்த குழம்பு ஆகியவற்றையும் தண்ணீராகக் கணக்கிட முடியாது. தண்ணீர் அடியில் சூடாகி மேலெழும், மேலே உள்ளது கீழிறங்கும். இந்தச் சுழற்சியால்தான் சூடு பரவுகிறது. கெட்டியான திரவம் சுழலாது. அடியிலுள்ள படலம் அங்கேயே நின்று காய்ந்து கருகும். அதனால் கெட்டியான குழம்பு 500 மி.லி. இருந்தும் ‘அடிப்பிடிக்கிறது’ என்ற எச்சரிக்கை திரையில் வரலாம், வெறும் தண்ணீர் 375 மி.லி. இருந்தும் வராமல் போகலாம்.

இதற்கான தீர்வு பொருள்களைப் போடும் வரிசையில் இருக்கிறது. வதக்கி முடித்ததும் பாத்திரத்தின் அடியில் பழுப்பாக ஒட்டியிருப்பதைக் கவனியுங்கள். அரை கப் தண்ணீர் விட்டு, மரக்கரண்டியால் அடி வழவழப்பாகும்வரை சுரண்டி எடுக்க வேண்டும். வதக்கும் சூட்டில் இந்தத் தண்ணீர் வேகமாக ஆவியாகிவிடும் என்பதால் அதைக் குறைந்தபட்ச அளவில் சேர்க்காதீர்கள். பிறகு அளந்த தண்ணீர், அதன்மேல் இறைச்சியோ காய்கறியோ, எல்லாவற்றுக்கும் மேலே தக்காளி விழுது. கடைசியில் கிளறவே கூடாது. சர்க்கரை, தேன், பால், கிரீம், கெட்டியாக்கும் மாவு எல்லாம் மூடியைத் திறந்த பிறகு சேர்க்க வேண்டியவை. ஒரு மேசைக்கரண்டி சோள மாவை இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த தண்ணீரில் கரைத்துக் கொதியில் விட்டால் 250 மி.லி. சாறு குழம்புப் பதத்துக்கு வந்துவிடும்.

இனி, தண்ணீர் கூடிப்போகும் கதை. பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான்; பயத்தால் கூடுதலாக ஊற்றிவிடுகிறார்கள். அடுப்பில் வைக்கும் விசில் குக்கர் ஒவ்வொரு விசிலுக்கும் கொஞ்சம் தண்ணீரை ஆவியாக வெளியே விடும். எலக்ட்ரிக் குக்கரில் அழுத்தம் ஏறியதும் சூடேற்றி தானாக நின்று, தேவைப்படும்போது மட்டும் எரிகிறது. வேகும் நேரம் முழுவதும் ஏறக்குறைய எதுவும் வெளியேறாது. விசில் குக்கருக்கும் திறந்த பாத்திரத்துக்கும் எழுதப்பட்ட தண்ணீர் அளவை இதில் அப்படியே ஊற்றினால் சாதம் குழைவதும் குழம்பு சாறாக ஓடுவதும் இதனால்தான்.

காய்கறியும் இறைச்சியும் தாமே தண்ணீர் விடும். தக்காளியில் சுமார் 94 விழுக்காடு, காளானில் 92 விழுக்காடு தண்ணீர்தான். ஒரு கிலோ கோழி இறைச்சி வேகும்போது 200 மி.லி. வரை சாறு விடும். ‘அப்படியானால் தண்ணீரே ஊற்ற வேண்டாமே’ என்று நினைக்கத் தோன்றும். அந்தச் சாறு சூடான பிறகுதான் வெளிவரும். முதல் சில நிமிடங்களில் அடித்தட்டைக் காப்பாற்ற அது வந்து சேராது. எனவே தண்ணீர் விடும் பொருள்களுக்குக் குறைந்தபட்ச அளவு மட்டும் ஊற்றுங்கள், அதற்குமேல் ஒரு கரண்டியும் வேண்டாம். முடிந்தபின் சாறு கூடுதலாக இருந்தால் மூடியில்லாமல் வதக்கும் பொத்தானை அழுத்திச் சுண்டவிடலாம். 1,000 வாட் சூடேற்றி நிமிடத்துக்கு அதிகபட்சம் 26 கிராம் தண்ணீரைத்தான் ஆவியாக்கும், 250 மி.லி. சுண்ட பத்து நிமிடமாவது ஆகும்.

அரிசி இதற்கு நேர்மாறு. தண்ணீர் விடாது, குடிக்கும். கழுவி வடித்த வெள்ளை அரிசி ஒரு பங்குக்கு மூடிய குக்கரில் ஒரு பங்கு தண்ணீர் உதிரியான பதத்துக்குப் போதும். மென்மையாக வேண்டுமென்றால் ஒன்றேகால், குழைய வேண்டுமென்றால் ஒன்றரை. திறந்த பாத்திரத்தில் ஒன்றுக்கு இரண்டு என்று சொல்வதில் பாதி, ஆவியாகப் போகும் தண்ணீருக்கான ஒதுக்கீடு. அந்த ஆவி இழப்பு அரிசி கூடினாலும் அதே விகிதத்தில் கூடாது. நான்கு கப் அரிசிக்கு எட்டு கப் ஊற்றிச் சாதம் களியாவது இந்தப் பெருக்கலால்தான். கொஞ்சம் அரிசி சமைக்கும்போது எதிர்ப்பக்கச் சிக்கல் வரும்: 5.7 லிட்டர் குக்கரில் அரை கப் அரிசிக்குத் தேவைப்படும் தண்ணீர் குறைந்தபட்சத்தை எட்டாது. அப்போது அரிசியையும் அதற்கான தண்ணீரையும் ஒரு சிறு பாத்திரத்தில் எடுத்து, உள்பாத்திரத்தில் 375 மி.லி. தண்ணீர் விட்டு, கம்பித் தாங்கியின் மேல் அதை வையுங்கள். கீழே உள்ள தண்ணீர் ஆவிக்கு, மேலே உள்ளது அரிசிக்கு. இரண்டையும் தனித்தனியாக அளக்க முடிவதால் சாதம் தவறாது. காய்கறியை ஆவியில் வேகவைக்கவும் இதே முறைதான். தாங்கியின் உயரத்துக்குக் கீழேயே தண்ணீர் நிற்கட்டும்; மேலே தொட்டால் காய் ஆவியில் வேகாமல் தண்ணீரில் வெந்துவிடும்.

உலர்ந்த பயறு வகைகளை ஊறவைக்காமல் போட்டால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் வேண்டும். இரவு ஊறியது என்றால் பயறுக்கு மேல் இரண்டு செ.மீ. நின்றால் போதும், குடிக்க வேண்டியதில் பெரும்பகுதியை அது ஏற்கெனவே குடித்துவிட்டது.

மேல் எல்லையையும் மறக்கக்கூடாது. பொருளும் தண்ணீரும் சேர்ந்து பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக்கூடாது. அரிசி, பருப்பு, பயறு போல் உப்பிப் பெருகும், நுரைக்கும் பொருள் என்றால் பாதிதான். உலர்ந்த பயறு வெந்தபின் எடையில் இரண்டு மடங்குக்கு மேலாகும் என்பதை நினைவில் வைத்து நிரப்புங்கள். நுரை மேலேறினால் ஆவி வெளியேறும் வால்வும் மிதவை வால்வும் அடைபடும். பாதுகாப்புக்காக வைத்த வழிகள் அடைபடுவது விளையாட்டல்ல. ஒரு தேக்கரண்டி எண்ணெய் நுரையை ஓரளவு அடக்கும், ஆனால் பாதி என்ற எல்லையை அது உயர்த்தாது. நுரைக்கும் பொருளைச் சமைத்தபின் வால்வைச் சட்டென்று திறக்காமல் அழுத்தம் தானாக இறங்க விடுங்கள். இல்லாவிட்டால் ஆவியோடு கஞ்சியும் சீறிவரும். பாத்திரம் நிறைய இருந்தால் நேரமும் நீளும். 3 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 1,000 வாட் சூடேற்றிக்கு 15 நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த நேரமும் ஆறும் நேரமும் சேர்ந்து காயைக் குழைத்துவிடும்.

அளவு சரியாக இருந்தும் தண்ணீர் வற்றினால் மூடியைப் பாருங்கள். ரப்பர் வளையம் பள்ளத்தில் சரியாக உட்காராமலோ விரிசல் விட்டோ இருந்தால் ஆவி தொடர்ந்து கசியும். அழுத்தம் ஏறாததால் சூடேற்றியும் நிற்காது. நிமிடத்துக்கு 26 கிராம் என்ற அதே கணக்குப்படி 375 மி.லி. கால் மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். சோதிப்பது எளிது. 750 மி.லி. தண்ணீர் மட்டும் விட்டு, உயர் அழுத்தத்தில் ஐந்து நிமிடம் வைத்து, தானாக ஆறவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். கொஞ்சம் குறைவது இயல்பு. 100 மி.லி.க்கு மேல் குறைந்திருந்தால் வளையத்தைக் கழற்றிக் கழுவி மாட்டுங்கள். அதற்குப் பிறகும் அப்படியே என்றால் புது வளையம் வாங்க வேண்டியதுதான்.

சமைக்கும் நடுவில் எச்சரிக்கை வந்தால் பதறி மூடியைத் திறக்க முயல வேண்டாம். இயக்கத்தை ரத்து செய்து, அழுத்தம் இறங்கி மிதவை வால்வு கீழே விழுந்த பிறகு திறக்கவும். அடி கருகியிருந்தால் மேலே உள்ளதைச் சுரண்டாமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். கருகியதோடு கலந்தால் மொத்தமும் கெடும். வெறுமனே ஒட்டியிருந்தால் 100 மி.லி. வெந்நீர் விட்டுச் சுரண்டி, மூடி, மிச்ச நேரத்துக்கு மட்டும் மறுபடி வைக்கலாம்.

இவ்வளவையும் ஒவ்வொரு குறிப்பின் கீழும் அச்சிடச் சொல்லவில்லை. ‘5.7 லிட்டர் குக்கர். தண்ணீர் 375 மி.லி.; தக்காளி விழுது மேலே, கிளற வேண்டாம்; அழுத்தம் தானாக இறங்கட்டும்’ என்று ஒரே ஒரு வரி, ‘தேவையான அளவு’ இருந்த இடத்தில் வந்தால் போதும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்